வலது ஹாரனில் ஒரு கிர்ர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் ஒரு பெரிய மனிதர் என் விரலைக் கடித்துவிட்டார். வாயைத் திறவுங்கள் என்றால் மூடுகிறார், மூடுங்கள் என்றால் பேசுகிறார். கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தால், இங்கே என் வீட்டுக்காரர் ஹால் நடுவில் மண்டியிட்டு ஸ்பீக்கர் ஹாரனின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். பல் வைத்தியம் பார்ப்பது நானா, இவரா?

"வலதுல ஏதோ கிர்ர்னு ஒரு சத்தம் வருது. உனக்குக் கேக்குதா?"

கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது. ஒரு பெண் பாடும் பழைய இசைத்தட்டு. அவள் குரல் மேலே ஏறும்போதெல்லாம், தகர டப்பாவுக்குள் வண்டைப் பிடித்துப் போட்டதுபோல ஓர் அதிர்வு.

"கேக்கல" என்றேன். கேட்டது என்று சொல்லியிருந்தால் சாப்பாட்டு மேஜை வரைக்கும் அந்த வண்டும் கூடவே வந்திருக்கும்.

ஹாலில் முன்பு சோபா இருந்தது. இப்போது இரண்டு ஹாரன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பீரோ அளவு. இடித்துத் தள்ளிய ஒரு தியேட்டரின் திரைக்குப் பின்னால் கிடந்தவை. விருப்ப ஓய்வு வாங்கிய மறு மாதமே போய் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹாரனின் பின்புறம், தொண்டை முடிகிற இடத்தில், சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கட்டி. அதை டிரைவர் என்கிறார்கள். சத்தம் பிறப்பது அதற்குள்தான். ஹாரன் வெறும் வாய். எனக்குத் தெரிந்த பல ஆண்களின் அமைப்பும் இதுவே. ஆனால் அவர்களுக்கு உள்ளே டிரைவர் கிடையாது.

சோபா என் படிப்பறையில் செங்குத்தாக நிற்கிறது.

ஜூன் 5, வியாழன்

கிர்ர் இருக்கிறது. இவரும் இருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று சபை கூடியது. ஒவ்வொரு ஞாயிறும் கூடுகிறது. நான் ஒவ்வொரு ஞாயிறும் காபி போடுகிறேன்.

சபையில் மூவர். இவரைச் சேர்த்தால் நான்கு. முதலாமவர் தங்கக்காது. எல்லோரும் "சார்" என்கிறார்கள், தங்கக்காது நான் வைத்த பெயர். ரேடியோ நிலையத்தில் காலமெல்லாம் ஒலிப்பதிவு செய்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் வெள்ளைக் கைக்குட்டையுமாக வருவார். நடு நாற்காலி அவருடையது. அவர் இல்லாத நாளிலும் அதில் யாரும் உட்கார்வதில்லை. நான் ஒருமுறை துணி மடிக்க உட்கார்ந்தேன், இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இரண்டாமவர் வயர்க்காரர். உலகத்தில் எது கெட்டாலும் வயரை மாற்றச் சொல்வார். மூன்றாமவருக்கு நான் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. விளக்கம் வேண்டாம்.

இசைத்தட்டு சுழன்றது. அவள் பாடினாள். வண்டும் பாடியது. யாரும் ஹாரனைப் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கக்காதின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், மோவாயைத் தூக்கினார், கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு. மூச்சு விட மாட்டேங்குது."

"வயர்தான் சார்" என்றார் வயர்க்காரர்.

"ஆமா சார்" என்றார் ஆமாஞ்சாமி.

என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். மூச்சு விட மாட்டேங்குது! வளர்ந்த மனிதர்கள் நான்கு பேர், ஒருவர் வாயிலும் கிர்ர் என்ற வார்த்தை வரவில்லை. காபித் தட்டோடு வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வண்டு கத்திக்கிட்டே இருக்கே, அது யார் காதுலயும் விழலையா?"

தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார். தங்கக்காது என் பக்கம் திரும்பி, ஒரு கணம் நிதானித்து, சிரித்தார்.

"டாக்டருக்குப் பல்லு டிரில் சத்தம் காதுலேயே நின்னுபோச்சு போல."

உடனே மற்ற மூவரும் சிரித்தார்கள். என்ன வேகம், என்ன சத்தம்! என் வீட்டுக்காரரும் சிரித்தார். என் வீட்டில், என் காபியைக் குடித்துக்கொண்டு.

ஜூன் 9, திங்கள்

புது வயர் வந்துவிட்டது. மலைப்பாம்புக்குக் கால்சராய் தைத்ததுபோல் கனமாக, பின்னலாக இருக்கிறது. மாட்டினார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கிர்ர்.

"இது பழகணும்" என்கிறார். "வயர் செட் ஆக ஒரு வாரம் ஆகுமாம்."

செருப்பா அது, காலைக் கடித்துப் பழகுவதற்கு?

ஜூன் 11, புதன்

தாங்க முடியாமல் நானே சொன்னேன். "இடது டிரைவரைக் கழட்டி வலதுல மாட்டுங்க, வலதை இடதுல. சத்தம் இடது பக்கம் போச்சுன்னா டிரைவர்தான் கோளாறு. வலதுலயே நின்னுச்சுன்னா வயரோ ஆம்ப்ளிஃபயரோ."

பல்வலி என்று வருகிறவரிடம் நான் முதலில் அதைத்தானே செய்கிறேன்? அவர் காட்டுகிற பல்லைத் தட்டுகிறேன், பக்கத்துப் பல்லையும் தட்டுகிறேன். தெருவிலுள்ள மின்கம்பத்தைக் குற்றம் சொல்வதில்லை.

இவர் தயங்கினார். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

நான் திரும்பிப் பார்த்தேன். சாரிடம் கேட்கவில்லை. இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினார். இசைத்தட்டை ஓடவிட்டோம். அவள் மேலே ஏறினாள். வண்டு இப்போது இடது பக்கத்தில் கத்தியது.

"டிரைவர்தான்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. பரவாயில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருவர் முகம் பத்து வயது குறைந்துபோவதை நான் இன்றுதான் பார்க்கிறேன். அசட்டு முகம்தான், இருந்தாலும்.

ஜூன் 14, சனி

கிளினிக்குக்கு அரை நாள் விடுமுறை. மதியம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் அறுவை சிகிச்சை.

வெள்ளைத் துணியை விரித்து, டிரைவரை மல்லாக்க வைத்து, பின் மூடியைக் கழற்றினோம். இவர் எஃகுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். உள்ளேயிருந்த காந்தம் அதைப் பிடுங்கப் பார்த்தது, டக்கென்று. இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் சவ்வைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். "கையை எடுங்க!" என்று கத்தினேன். எடுத்தார். நல்ல வேளை, கத்தினால் கேட்கிற ஜாதி.

கிளினிக் பையிலிருந்து பல்லடைக்கும் பிளாஸ்டிக் கருவிகளை எடுத்தேன். அவற்றைக் காந்தம் சீண்டாது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். இவர் டார்ச் பிடித்தார்.

சவ்வு என்பது ஓர் அலுமினியக் கிண்ணம், சாக்லேட் சுற்றுகிற தாளைவிடச் சற்றுத்தான் தடிப்பு. அதன் விளிம்பைச் சுற்றித் தலைமுடிபோல ஒரு கம்பிச் சுருள். காந்தத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் சுருள் எதன் மேலும் படாமல் மேலும் கீழும் ஆட வேண்டும். அவ்வளவுதான் ஒலிபெருக்கி. பள்ளத்தின் அகலமோ விரல் நகம் நுழையாத அளவு. எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. பல்லிடுக்கு மாதிரி, ஆனால் எச்சில் இல்லை, முனகல் இல்லை.

கிண்ணத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தால், துருத் துணுக்குகள், காந்தம் பிடித்ததில் மயிர்க்கூச்செறிந்ததுபோல நட்டுக்குத்தலாக நிற்கின்றன. முன்பல் அடைக்கும்போது நடுவில் செருகும் மெல்லிய பட்டை ஒன்றில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, பள்ளத்துக்குள் விட்டு இழுத்தேன். கறுப்பாக வந்தது. மறுபடி, மறுபடி, வெள்ளையாகவே வெளியே வருகிற வரைக்கும். ஊதலாம் என்றார் இவர். ஊதினால் துணுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும் என்றேன். "நீ சொன்னா சரி" என்றார். இந்த வாக்கியத்தை நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

திரும்ப மாட்டி, போனிலிருந்து ஒற்றை ஸ்வரத்தைச் சன்னமாக விட்டு, மெல்ல மெல்ல மேலே ஏற்றினோம். கிர்ர் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் தலைகாட்டியது. பூதக்கண்ணாடியோடு குனிந்தேன். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒரு பக்கத்துத் திருகுகள் உயிர் போக இறுக்கப்பட்டிருந்தன, எதிர்ப்பக்கத்தவை தொளதொள.

"இதை யாரு இப்படி இறுக்கினது?"

டார்ச் மெல்லக் கீழே தாழ்ந்தது. பிறகு, "நான்தான். திருகெல்லாம் நல்லா இறுக்கினா சத்தம் கெட்டியா வரும்னு சார் சொன்னாரு."

சார் சொன்னாராம்! கிண்ணம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, சுருள் ஒரு பக்கத்துச் சுவரில் உரசுகிறது, அதைத்தான் இத்தனை நாளாக வண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஆக வியாதியைக் கொடுத்ததே வைத்தியர்.

எல்லாத் திருகையும் தளர்த்தினேன். ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தின் விளிம்பை விரல் நுனியால் இம்மியளவு இந்தப் பக்கம், இம்மியளவு அந்தப் பக்கம். ஓரிடத்தில் கிர்ர் அப்படியே அறுந்துபோயிற்று. ஸ்வரம் மட்டும் தண்ணீர்க் கோடுபோல நின்றது.

"அங்கேயே! அசைக்காதே!" என்று இவர் கத்தினார். எதிரெதிர் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். டார்ச் வெளிச்சம் கடைசி வரை ஆடவேயில்லை.

"உன் கையே கை" என்றார்.

மேஜையில் இடமில்லாததால் நின்றுகொண்டே சாப்பிட்டோம். இசைத்தட்டை முழுக்கக் கேட்டோம். அவள் மேலே போனாள், போய்க்கொண்டேயிருந்தாள், வண்டைக் காணோம். நானா இந்த வீட்டு ஹாலில் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன்? என்னை நானே கேலி செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

சபை கூடியது. பாட்டுப் போட்டார். தங்கக்காது கண்ணை மூடினார், மோவாயைத் தூக்கினார். பாட்டு முடிந்ததும் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு,

"இப்போ திறந்திருச்சு. வயர் செட்டாயிருச்சு பாத்தீங்களா?" என்றார்.

"நான் சொல்லல?" என்றார் வயர்க்காரர்.

"ஆமா சார், ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் ஆமாஞ்சாமி.

நான் வாசலில் நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். சொல்வார் என்று நின்றேன். ஒரே ஒரு வாக்கியம்தான் — வயர் இல்ல சார், இவதான் சரி பண்ணினா. அவ்வளவுதானே? வாயில் எத்தனை பல் இருக்கிறது, நாக்கு ஒன்று இருக்கிறது, சொல்வதற்கு என்ன கேடு?

இவர் குனிந்து சொன்னார். "ஆமா சார். வயர்தான்."

காபியை அப்படியே சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். பால் இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

பேசவில்லை.

ஜூன் 18, புதன்

இன்றும் பேசவில்லை. இவர் இரண்டு முறை அருகில் வந்து நின்றார். "அது வந்து..." என்றார். வந்தது போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கோழை. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இதுதான் பொருந்துகிறது. ஒருவன் எதிரிக்குப் பயந்தால் புரிந்துகொள்ளலாம். நாலு கிழடுகள் நடுவில் நல்ல பெயர் போய்விடுமோ என்று பயந்தால்? அந்தத் தங்கக்காது மட்டும் என்ன? இருக்கிற சத்தத்தைக் கேட்கத் தெரியாது, இல்லாத மூச்சைக் கேட்பார். அவருக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு ஹால், ஹாலுக்கு ஒரு வேலைக்காரி.

ஜூன் 24, செவ்வாய்

பழம் நழுவி என் நாற்காலியிலேயே விழுந்தது.

காலையில் தங்கக்காது கிளினிக்குக்கு வந்தார். கடைவாய்ப் பல்லில் வலி. உட்காரவைத்தேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டேன்.

"கீழ, வலது பக்கம்" என்றார்.

சரி, பதற்றம் என்று நினைத்தேன். "சூடா எதாவது குடிச்சா வலிக்குதா?" என்றேன். "ஆமாமா, தனியாதான் வந்தேன்" என்றார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்டேன். இப்போது சரியான பதில், மடிப்புக் கலையாத சட்டைபோல. அப்போதுதான் கவனித்தேன், என் உதட்டையே பார்க்கிறார்.

மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத் தலைக்குப் பின்னால் நின்று டிரில்லை ஓடவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்துக்கு உடம்பு சுருங்காத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் சுருங்கியிருக்கிறார், மல்யுத்தக்காரர் என் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பல்லில் படுவதற்கு முன்பே, சத்தம் வந்த மாத்திரத்தில் கால் விரல் மடங்கும். தங்கக்காது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தார். டிரில்லைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லில் தொட்டபோதுதான் திடுக்கிட்டார்.

கேட்கவில்லை! அவருக்கு மேல் ஸ்தாயிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. டிரில் கேட்காதவருக்குக் கிர்ர் எப்படிக் கேட்கும்? தங்கக்காதாம்! பித்தளைகூட இல்லை, வெறும் களிமண்.

நாள் முழுக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோயாளிகள் நான் ஏதோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாலையில் வீடு திரும்பியதும், பேசாவிரதத்தை நானே உடைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "உங்க சாருக்குக் காது கேக்காது, தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை வலது ஹாரன் வயரைப் பிடுங்கி வைக்கப்போறேன். அப்பவும் திறந்திருச்சு, மூச்சு விடுதுன்னு சொல்றாரான்னு பாருங்க, உங்க சபையே வாயைப் பிளக்கட்டும்."

இவர் துடைத்துக்கொண்டிருந்த இசைத்தட்டை உறையில் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவருக்குக் கேக்காதுன்னு. எங்க எல்லாருக்கும் தெரியும். ரேடியோவுல இருக்கும்போதே குறைய ஆரம்பிச்சிருச்சு. பையன் காது மெஷின் வாங்கிக் குடுத்தான், அது டிராயர்லயே கிடக்கு. அந்தம்மா போனப்புறம் அவருக்கு வெளிய போறதுன்னு இருக்கறது இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். வர்றாரு, உக்காருறாரு, ஏதோ சொல்றாரு. சொல்லட்டுமே."

"அப்போ அந்த மலைப்பாம்பு வயர்?"

"வயர்ல ஒண்ணும் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? அவருக்குக் கேக்காத சத்தத்தை நாங்க பேச ஆரம்பிச்சா அவரு முழிப்பாரு. அதனால அவரு என்ன சொல்றாரோ அதையே பிடிச்சுக்குவோம். அன்னிக்கு நீ வண்டுன்னு சொன்னதும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

அந்த அவசரச் சிரிப்பு! மூவரும் ஒரே சமயத்தில், அத்தனை சத்தமாக.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல? ஒரே வீட்டுல இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்..."

இவர் இசைத்தட்டை அடுக்கில் செருகினார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

"சொன்னா நீ சிரிப்பே."

ஜூன் 25, புதன்

இன்று நிறையப் பல் பிடுங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுக்க வாதம் தேடுகிறேன். நான் சிரிப்பேனா? சிரித்துக்கொண்டேதானே வீட்டுக்குள் வந்தேன். இந்த மனுஷன் எத்தனை விஷயத்தை இப்படி உறையில் போட்டு வைத்திருக்கிறார்? என்கிட்ட சொல்லாம? கேட்டாலும் சொல்வாரா? ஆமாஞ்சாமிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

இருந்தாலும் வயர்தான் என்று சொன்னதை மன்னிக்க மாட்டேன். உள்ளே வந்தாவது சொல்லியிருக்கலாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சோபாவை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

வயர்க்காரர் இன்று தன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வயது, தாடி, தோளில் ஒரு பை. பைக்குள் லேப்டாப், ஒரு மைக், மைக்குக்கு ஒரு முக்காலி. உள்ளே வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஹாலின் நீளத்தை அடியெடுத்து வைத்து அளந்தவர்.

மைக்கை நட்டு, ஹாரன்களில் விர்ரென்று ஏறும் ஒரு சத்தத்தை விட்டு, திரையில் கோடு கோடாக வரைந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தங்கக்காது மட்டும் நடு நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், ரெண்டு டிரைவரும் ஒண்ணு போல இருக்கு. இவ்ளோ பழசுல இப்படிப் பாத்ததேயில்ல. யாரு இதைத் திறந்து சென்டர் பண்ணினது? வெளிய குடுத்தீங்களா?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இந்த முறை சொல்லியே விடுவார் என்று தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஏன் ஆட்டினேன்? ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே பேசாமல் கிடந்தேன்?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு உற்சாகம் பொங்கியது.

"ஒரு ஜாலியான டெஸ்ட் பண்ணலாமா? நான் சத்தத்தை ஏத்திக்கிட்டே போறேன், எல்லாரும் கையைத் தூக்கிக்கோங்க. கேக்காதப்போ இறக்கிடணும். யாரு காது இளசு, யாரு காது கிழடுன்னு தெரிஞ்சிடும். சார், நீங்கதான் ரேடியோ ஆளாச்சே, நீங்க முன்னாடி வாங்க!"

வயர்க்காரர் மாப்பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார், அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. ஆமாஞ்சாமி முதல் தடவையாக "வேணாமே" என்றார், அதுவும் யாருக்கும் கேட்காத குரலில். தங்கக்காது பேச்சை முழுக்கப் பிடித்திருக்க மாட்டார். ஆனால் எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தார். கை நாற்காலியின் பிடிக்குத் திரும்பிப் போகவில்லை, கைக்குட்டையோடு அந்தரத்திலேயே நின்றது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இல்லை, தெரியும். அது எப்போதும் என்னிடம் கைவசம் இருப்பதுதான்.

"மாப்பிள்ளை" என்றேன், "அந்தப் பெட்டியை மூடுங்க."

"இல்ல ஆன்ட்டி, சும்மா ஒரு..."

"வயசானவங்க வீட்டுக்குள்ள வந்து காதைப் பிடிச்சு அளக்கறதுக்கு உங்களை யாரு கூப்பிட்டது? இது ஆஸ்பத்திரி இல்ல. இங்க யாரும் பரீட்சை எழுதவும் வரல, பாட்டுக் கேக்க வந்திருக்கோம். அளந்தே தீரணும்னா உங்க மாமனார் வாங்கி வச்சிருக்கற வயரையெல்லாம் அளங்க, ஒரு மாசம் ஓடும். அதுக்கு முன்னாடி காபியைக் குடிங்க. குடிக்கும்போது வாயைத் திறக்க வேண்டியிருக்கும், மத்தபடி மூடியே இருக்கட்டும்."

அந்தப் பிள்ளையின் காது, தாடிக்கு மேலே, செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. பாவம், தப்பாக ஒன்றும் செய்யவில்லை; இந்தச் சபையில் என் வேலையை மதித்து வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவனைத்தான் கிழித்தேன்.

மாப்பிள்ளை லேப்டாப்பை மூடினார். நான் சமையலறைக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்து, சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். இவர் இசைத்தட்டை வைத்தார், ஊசியை இறக்கினார். பாட்டு முடிந்ததும் தங்கக்காது கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இன்னிக்கு அந்தப் பொண்ணு நல்லா பாடினா" என்றார்.

"ஆமா" என்றேன். சாமியை மட்டும் சேர்க்கவில்லை.

ஜூலை 2, புதன்

"அன்னிக்கு நான் சொல்ல வந்தேன்" என்றார் இவர், சாப்பிடும்போது. "தெரியும்" என்றேன். "நீதான் தலையாட்டினே." "அதுவும் தெரியும், குழம்பு ஊத்திக்கோங்க."

ஜூலை 4, வெள்ளி

டிரில்லுக்குக் காற்று தரும் கிளினிக் கம்ப்ரஸர் மறுபடி மக்கர். வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. வராதவர்களுக்கென்று தனியாக ஒரு நரகம் வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பல்லுக்கு மூடி போடத் தங்கக்காது வந்தார். — இனி அந்தப் பெயரில் எழுத வேண்டுமா என்று ஒரு கணம் பேனா நின்றது. சார் என்று எழுத இன்னும் வரவில்லை. அவர் வந்தார்.

நர்ஸ் கலவை எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மாஸ்க்கை இறக்கிக்கொண்டேன்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். நீங்க முகத்துக்கு நேரா சொல்றவங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்க வண்டுன்னு சொன்னீங்களே, அந்த ஹாரன்ல நிஜமாவே ஏதாவது சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்போ?"

"இல்ல. உள்ள இருக்கற கிண்ணம் கோணலா உக்காந்திருந்துச்சு. நான்தான் திறந்து சரி பண்ணினேன்."

"வயர் இல்ல."

"வயர் இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். தன் கால்களைப் பார்த்தார். கறுப்பு ஷூ, பளபளவென்று துடைத்திருந்தது, பல் டாக்டரிடம் வருவதற்கு.

"பாட்டாவது கேக்குதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கீழ பாடும்போது கேக்குது. மேல போனா இல்ல. ஆனா அந்தத் தட்டு நானே எத்தனையோ தடவை ரேடியோவுல போட்டதுதான். அவ எங்க போவான்னு தெரியும், நானும் கூடவே போயிட்டு அவ இறங்கும்போது பிடிச்சுக்குவேன்."

உள்ளே நர்ஸ் கலவையை அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு.

"மத்தவங்களுக்கு..." என்றவர் நிறுத்தினார். பிறகு நேராக என்னைப் பார்த்து, "அவங்களுக்கு இது தெரியுமா, டாக்டர்? எனக்குக் கேக்காதுன்னு?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றேன். அவருக்குப் புரியும்படி, மெதுவாக, நன்றாக வாயைத் திறந்து சொன்னேன்.

மாலையில் இவர் கேட்டார், சார் வந்திருந்தாராமே, என்ன சொன்னார் என்று. பல் இப்போது வலிக்கவில்லையாம் என்றேன்.